லோயர் கேம்ப் டு லாஸ் ஏஞ்சல்ஸ்

இந்த வாரம் ஒரு ஃபாரின் டூர் போயிட்டு வரலாமா? விசா வேண்டாம், டிக்கெட் வேண்டாம். வாட்டர் பாட்டில் மட்டும் கையில வெச்சுக்கோங்க. ஏன்னா, நாம பேசப் போறதே தண்ணியைப் பத்திதான்.

ஹாலிவுட் படங்கள்ல இந்த ஷாட்டை நிச்சயம் பார்த்திருப்பீங்க. ஹெலிகாப்டர்ல இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைக் காட்டுவாங்க. வீட்டுக்கு வீடு நீச்சல் குளம், வாசல்ல பச்சைப் புல்வெளி, ரோட்டோரம் வரிசையா பனை மாதிரி மரங்கள். 'என்னா செழிப்புடா சாமி!'ன்னு தோணும். ஆனா மேட்டர் என்னன்னா, அந்த ஊர்ல ஒரு வருஷத்துக்குப் பெய்யுற மழை, நம்ம மதுரை மழையில பாதிகூடத் தேறாது. அப்புறம் எப்படி 39 லட்சம் பேர் அங்க குடியிருக்காங்க? குளத்துக்கும் புல்லுக்கும் தண்ணி எங்கிருந்து வருது?

இன்னைக்கு கொலராடோ ஆறு, வட கலிஃபோர்னியான்னு பல திசையில இருந்து வருது. ஆனா அந்த ஊர் பெருசா வளர்ந்தது ஒரே ஒரு பள்ளத்தாக்கோட தண்ணியாலதான். அந்தக் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு ஞாபகம் வந்தது அமெரிக்கா இல்லை... நம்ம லோயர் கேம்ப்!

டிகிரி இல்லாத இன்ஜினீயர்

1900-ல லாஸ் ஏஞ்சல்ஸ் ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான். அங்க குடிநீர் வேலையைப் பார்த்துக்கிட்டவர் வில்லியம் முல்ஹாலண்ட். அயர்லாந்துல பிறந்து பிழைப்பு தேடி வந்தவர். வாய்க்கால் பராமரிக்கிற வேலையில சேர்ந்து, ராத்திரியில தானே புத்தகம் படிச்சு, சீஃப் இன்ஜினீயர் ஆனார். பி.இ. எல்லாம் கிடையாது பாஸ்!

ஊர் பெருகப் பெருக உள்ளூர் ஆறு பத்தலை. 'இனி எங்க போறது?'ன்னு பார்த்தப்ப கண்ணுல பட்டது ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் சியரா நெவாடா மலை, மறுபக்கம் இன்னொரு மலைத்தொடர், நடுவுல ஆறு, ரெண்டு கரையிலும் தோட்டம். நம்ம கம்பம் பள்ளத்தாக்கு ஜாடை அப்படியே இருக்குல்ல?

லாஸ் ஏஞ்சல்ஸ் முன்னாள் மேயர் ஃப்ரெட் ஈட்டன் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய் நிலத்தையும் தண்ணீர் உரிமையையும் சத்தமில்லாம வாங்க ஆரம்பிச்சார். அப்ப மத்திய அரசாங்கம் அங்க ஒரு பாசனத் திட்டம் யோசிச்சுக்கிட்டிருந்தது. 'அதுக்குத்தான் வாங்குறாரு போல'ன்னு நம்பி வித்த விவசாயிகள் நிறைய பேர். 1905-ல விஷயம் பேப்பர்ல வந்தப்பதான் உண்மை தெரிஞ்சது. அதுக்குள்ள காரியம் முடிஞ்சுபோச்சு.

1913 நவம்பர் 5-ம் தேதி கால்வாய் திறந்தாங்க. 375 கிலோமீட்டர். வழியில ஒரு பம்ப் கிடையாது. மேட்டுல இருந்து பள்ளத்துக்குத் தானா ஓடிவர்ற மாதிரி அளவெடுத்துக் கட்டியிருக்காங்க. சிவில் படிக்கிற யாரும் இதுக்கு சல்யூட் அடிக்காம இருக்க முடியாது.

ஆனா தண்ணி வந்த பிறகு யாருக்கு லாபம்னு பார்த்தா, கொஞ்சம் கசக்கும். சான் ஃபெர்னாண்டோ பகுதியில வறண்ட நிலத்தைப் பணக்காரங்க முன்கூட்டியே மலிவா வாங்கிப் போட்டிருந்தாங்க. 1915-ல அந்தப் பகுதியை நகரத்தோட சேர்த்தாங்க. நிலத்து விலை எகிறிடுச்சு. 'ஜனங்களுக்குத் தாகம்'னு சொல்லி ஓட்டு வாங்கின தண்ணி, முதல்ல ரியல் எஸ்டேட்டுக்குப் பாய்ஞ்சது!

ஆப்பிள் தோட்டம் போய் முள்வேலி வந்தது

1920-கள்ல மழை பொய்த்தது. நகரம் இன்னும் தண்ணி கேட்டது, பள்ளத்தாக்குல இன்னும் நிலம் வாங்கினது. 1924 மே மாசம் யாரோ கால்வாய்க்கு வெடி வெச்சாங்க. அதே வருஷம் நவம்பர்ல ஊர் ஜனங்க திரண்டு போய் மதகைப் பிடிச்சு, தண்ணியை நகரத்துக்கு விடாம ஆத்துக்கே திருப்பிவிட்டு, நாலு நாள் அங்கேயே உட்கார்ந்துட்டாங்க. அடுப்பு மூட்டிச் சமையல், குடும்பம் குட்டியோட கூட்டம்னு திருவிழா மாதிரி நடந்திருக்கு. பக்கத்துல ஷூட்டிங்ல இருந்த கௌபாய் ஹீரோ டாம் மிக்ஸ் இசைக்குழுவை அனுப்பி வெச்சார்னுகூடச் சொல்வாங்க. (தேனிப் பக்கம் மாதிரியே அதுவும் ஷூட்டிங் ஏரியா மக்கா! கௌபாய் படங்கள் வண்டி வண்டியா அங்கதான் எடுத்திருக்காங்க.)

1927-ல மறுபடி வெடி. அதே வருஷம் போராட்டத்துக்குத் தலைமை தாங்கின அண்ணன் தம்பியோட பேங்க் திவால் ஆச்சு. ஊர் ஜனங்க சேமிப்பும் போச்சு, போராட்டமும் போச்சு.

மான்ஸனார்னு அங்க ஒரு ஊர். ஸ்பானிஷ்ல அந்தப் பேருக்கு அர்த்தமே 'ஆப்பிள் தோட்டம்'. நகரம் நிலத்தை வாங்கினதும் ஊர் காலி. 1942-ல, இரண்டாம் உலகப் போர் நேரம், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அரசாங்கம் பிடிச்சு அடைச்ச முகாம்கள்ல ஒண்ணு அதே இடத்துலதான் வந்தது. பத்தாயிரம் பேர் முள்வேலிக்குள்ள. அவங்கள்ல பெரும்பகுதி லாஸ் ஏஞ்சல்ஸ்காரங்க. நகரம் தண்ணியை எடுத்துக்கிட்ட இடத்துக்கே, அந்த நகரத்து மனுஷங்களை அரசாங்கம் அனுப்பி வெச்சது. படிச்சப்ப மனசு கனத்துப் போச்சு ஃப்ரெண்ட்ஸ்.

ஓவன்ஸ் ஏரியும் 1926 வாக்குல வத்திடுச்சு. அப்புறம் அதோட தரையில இருந்து காத்துல கிளம்பின உப்புத் தூசி, நாட்டிலேயே மோசமான தூசி மாசுகள்ல ஒண்ணா ஆச்சு. அதை அடக்க 2001-ல இருந்து நகரம் அந்த ஏரித் தரையில திரும்பத் தண்ணி விடுது. இதுவரை செலவு 200 கோடி டாலருக்கு மேல!

முல்ஹாலண்ட் கதையும் நல்லபடியா முடியலை. நகரத்துக்குப் பக்கத்துலயே தண்ணி சேர்த்து வைக்க அவர் கட்டின செயின்ட் ஃபிரான்சிஸ் அணையில கசிவு இருக்குன்னு 1928 மார்ச் 12 காலையில தகவல் வந்தது. நேர்ல போய்ப் பார்த்துட்டு 'ஒண்ணும் பயமில்லை'ன்னு சொல்லிட்டு வந்தார். அன்னிக்கு நடுராத்திரிக்குள்ள அணை உடைஞ்சது. 400 பேருக்கு மேல செத்துப் போனாங்க. எவ்வளவு பெரிய கெட்டிக்காரரா இருந்தாலும், ஒரே ஆளோட கண்ணை மட்டும் நம்பி ஓர் ஊரோட உயிரை விடக் கூடாது. இன்ஜினீயரிங் படிக்கிற நாம நெத்தியில ஒட்டிக்க வேண்டிய பாடம் இது.

சரி, நம்ம ஊருக்கு வாங்க

எனக்கு ஊர் லோயர் கேம்ப் பக்கம். படிக்கிறது மதுரையில, சிவில். தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி ரூட் மேப்: தேனியில பஸ் ஏறினா சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் தாண்டி, குமுளி மலை ரோடு ஆரம்பிக்கிற அடிவாரம்தான் லோயர் கேம்ப். மலை மேல இருந்து நாலு ராட்சதக் குழாய் இறங்கி வரும். அது பெரியாறு பவர் ஹவுஸுக்கு வர்ற தண்ணி. பக்கத்துல இரைச்சல் பாலம். தண்ணி விழுந்தா பேரைச் சொல்லி அறிமுகப்படுத்தத் தேவையே இல்லை. 2013-ல திறந்த பென்னிகுயிக் மணிமண்டபமும் இங்கதான். ஜனவரி 15 அவர் பிறந்த நாள். அன்னிக்குப் பொங்கல் வெச்சுக் கும்பிடுற ஜனங்க எங்க ஜனங்க.

மேற்கே அரபிக் கடலுக்குப் போன பெரியாற்றைக் கிழக்கே திருப்பினதுதான் முல்லைப் பெரியாறு அணை. 1886-ல திருவிதாங்கூர் மகாராஜாவோட 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம், 1887-ல வேலை ஆரம்பம், 1895-ல திறப்பு. மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா வர்ற தண்ணி லோயர் கேம்ப்ல இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கு வழியா வைகை அணைக்குப் போய், அங்கிருந்து மதுரைக்குப் போகுது. கம்பம் பள்ளத்தாக்குல இருபோக நெல் மட்டும் 14,707 ஏக்கர். இது போக திராட்சை, வாழை, தென்னை. 2023-ல புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர் திராட்சையும் இந்தப் பள்ளத்தாக்கு மண்ணுல விளையுறதுதான்.

இப்ப மேட்டருக்கு வர்றேன். 2020 டிசம்பர்ல மதுரைக்கு ஒரு புதுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல மதிப்பு. வைகை அணை வரைக்கும் ஆத்துல விடாம, லோயர் கேம்ப் வண்ணான்துறையில தடுப்பணை கட்டி, அங்கேயே எடுத்து, நூறு கிலோமீட்டருக்கு மேல குழாயிலேயே கொண்டுபோற திட்டம். அளவு ஒரு நாளைக்கு 12.5 கோடி லிட்டர்.

எங்க ஊர்ப் பக்கம் எதிர்ப்பு கிளம்பினது. 'வேணும்னா வைகை அணையில இருந்து எடுத்துக்கோங்க, தலைமடையில கை வைக்காதீங்க'ன்னு விவசாயிகள் சொன்னாங்க. ஆத்துல ஓடுற தண்ணிதான் கிணத்துக்கு ஊத்து. அது குறைஞ்சா போர்வெல் இறங்கும்கிறது அவங்க பயம்.

மதுரைப் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கு. கோடையில வைகை மணல் மைதானமா கிடக்கும். தெருக்குழாயில விடிகாலை நாலு மணிக்குக் குடம் வரிசை. டேங்கர் லாரி வந்தா காலேஜுக்கு லீவு போட்டுட்டு ஓடுற பொண்ணுங்களை எனக்கே தெரியும். ஆத்துல விட்டா வர்ற வழியில ஆவியாகும், மண்ணு குடிக்கும், திருட்டு மோட்டார் உறிஞ்சும். குழாய்ல வந்தா சேதாரம் குறைவு. இதுவும் இன்ஜினீயரிங்படி சரிதான்.

ரெண்டு பக்கமும் சரின்னா, பிரச்னை எங்கதான் இருக்கு? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பயப்படாதீங்க, எம்-3 பேப்பர் அளவுக்கு இருக்காது!

51 கனஅடி கணக்கு

ஒரு கனஅடின்னா நொடிக்கு 28.3 லிட்டர். ஒரு நாளைக்கு சுமார் 24.5 லட்சம் லிட்டர். 12.5 கோடியை அதால வகுத்தா 51 கனஅடி வரும்.

முதல் போகத்துக்கு அணை திறக்கும்போது பாசனத்துக்கு 200, குடிநீருக்கு 100-ன்னு மொத்தம் 300 கனஅடி விடுறது வழக்கம். 300-ல 51 போனா ஆறுல ஒரு பங்கு. தாங்கிடலாம். ஆனா பாசனம் இல்லாத கோடையில குடிநீருக்கு மட்டும் 100 கனஅடிதான் திறப்பாங்க. 100-ல 51 போனா?

பாதி ஆறு காலி!

அந்த 100 கனஅடியும் குடிக்கத்தானே, மதுரையும் குடிக்கத்தானே கேட்குதுன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா லோயர் கேம்ப்ல இருந்து வைகை அணை வரைக்கும் உள்ள ஊர்களும் அதே ஆத்தைத்தான் நம்பி இருக்கு. உறைகிணறு, மாடு கன்னு, கரையோரத் தென்னை எல்லாத்துக்கும் அந்த ஓட்டம் வேணும். அதனால திட்டம் நல்லதா கெட்டதாங்கிறது மழை வருஷத்துல தெரியாது. மழை பொய்க்கிற வருஷம் ஏப்ரல், மே மாசத்துலதான் தெரியும். ஓவன்ஸ்லயும் சண்டை வெடியா மாறினது வறட்சி வந்தப்பதான்.

இன்னொரு உண்மையையும் சொல்லிடுறேன், ஊர்ல யாராவது கோவிச்சாலும் பரவாயில்லை. நாம கொடுக்குற ஊர் மட்டும் இல்லை, வாங்குற ஊரும்தான். இந்தத் தண்ணி கேரள மலையில விழுந்த மழை. அணைக்குக் கீழ இருக்கிற அங்குள்ள ஜனங்க அணையை நினைச்சு ராத்திரி தூங்காம இருந்திருக்காங்க. 1979-ல நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைச்சாங்க. பலப்படுத்தின பிறகு 2014-ல உச்ச நீதிமன்றம், நிபுணர் குழு அறிக்கையைப் பார்த்து அணை பாதுகாப்பா இருக்குன்னு சொல்லி 142 அடிக்கு அனுமதி கொடுத்தது. ரெண்டு மாநிலப் பிரதிநிதிகளும் உட்காருற கண்காணிப்புக் குழுவையும் போட்டது.

முகம் கொடுத்துப் பேசாத ரெண்டு மாநிலமே ஒரே மேஜையில உட்கார்ந்து அளவு பார்க்குறப்ப, தேனியும் மதுரையும் உட்கார முடியாதா என்ன? கோடையில எவ்வளவுக்குக் கீழ ஆறு இறங்கினா குழாய்க்கு எடுக்கிறதைக் குறைக்கணும்னு ஒரு நம்பர் எழுதி வைக்கணும். தினமும் எடுத்த அளவை லோயர் கேம்ப்ல போர்டுல போடணும். விவசாயியும் படிக்கணும், மதுரை வார்டு கவுன்சிலரும் படிக்கணும். லாஸ் ஏஞ்சல்ஸ் எடுத்தது மட்டும் தப்பில்லை. சொல்லாம எடுத்தது, எல்லை வைக்காம எடுத்தது, அதுதான் பெரிய தப்பு.

நாலு ஸ்டூடன்ட்ஸ் நினைச்சா...

'நாம ஸ்டூடன்ட்ஸ், நாம சொன்னா யாரு கேட்பா?'ன்னு சீன் போடாதீங்க. இதையும் கேளுங்க.

1941-ல லாஸ் ஏஞ்சல்ஸ் ஓவன்ஸையும் தாண்டி வடக்கே போய், மோனோ ஏரிக்கு வர்ற ஓடைகளையும் திருப்பினது. ஏரி மளமளன்னு இறங்கினது. 1976-ல டேவிட் கெய்ன்ஸ் அப்படிங்கிறவரோட ஒரு மாணவர் பட்டாளம் அங்க போய் கூடாரம் போட்டு, பறவையை எண்ணி, தண்ணியில இருக்கிற குட்டி இறாலை எண்ணி, நோட்டுல எழுதினது. நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மாதிரிதான்! ஆனா அவங்க அதை பைண்டிங் போட்டு லைப்ரரியில தூங்க விடலை. 1978-ல அமைப்பு ஆரம்பிச்சாங்க, 1979-ல கேஸ் போட்டாங்க. 1983-ல கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், தண்ணீர் உரிமை கையில இருந்தாலும் ஏரியை ஜனங்க சார்பா காப்பாத்துற கடமை அரசுக்கு இருக்குன்னு தீர்ப்பு சொன்னது. 1994-ல ஏரி எந்த மட்டத்துக்கு ஏறணும்னு நம்பரே குறிச்சுக் கொடுத்தாங்க.

அதைவிட எனக்குப் பிடிச்சது அவங்க நகரத்தை எதிரியா பார்க்காததுதான். 'உங்களுக்குத் தண்ணி வேணும். மிச்சப்படுத்த நாங்களும் உதவுறோம்'னு நகரத்துக்குள்ளேயே போனாங்க. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் ஏழை, உழைப்பாளி லத்தீன் மக்கள் வாழுற ஏரியா. தங்க பகுதியில ஜெயில் கட்டக் கூடாதுன்னு 1980-கள்ல போராடின அம்மாக்களோட அமைப்பு ஒண்ணு அங்க உண்டு. 1992-ல அந்த அம்மாக்கள் வீடு வீடாப் போய், தண்ணி நிறைய குடிக்கிற பழைய டாய்லெட்டைக் கழட்டச் சொல்லி, குறைச்ச தண்ணியில வேலை செய்யுற புதுசை இலவசமா கொடுத்தாங்க. அந்த வேலையில ஏரியா பசங்களுக்குச் சம்பளம் கிடைச்சது, அமைப்புக்கு வந்த பணத்துல படிப்புக்கு உதவித்தொகையும் கொடுத்தாங்க. ஒரு டாய்லெட் தொட்டி மாறினா, எங்கேயோ மலைக்குப் பின்னால ஒரு ஏரி ஏறுது!

1970-ஐவிட இப்ப லாஸ் ஏஞ்சல்ஸ்ல பத்து லட்சம் பேர் கூடுதல். ஆனா நகரம் செலவழிக்கிற மொத்தத் தண்ணி கூடலை. புல்வெளியைத் தோண்டி எடுத்தா காசு தர்றேன்னு நகரமே சொல்ற அளவுக்கு மாறியிருக்கு. இந்தப் புத்தி 1913-லேயே வந்திருந்தா எத்தனை ஊர் பிழைச்சிருக்கும்?

நாம நூறு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை ஃப்ரெண்ட்ஸ். மதுரைப் பக்கம் படிக்கிறவங்க, உங்க ஹாஸ்டல்ல ஒழுகுற குழாயை ஒரு ஞாயித்துக்கிழமை எண்ணுங்க. ஒரு மக்கை அடியில வெச்சு, பத்து நிமிஷத்துல எவ்வளவு சேருதுன்னு பாருங்க. அதை 144-ஆல பெருக்கினா ஒரு நாள் கணக்கு. வார்டன்கிட்ட வாயால சொன்னா மறந்துடுவார், பேப்பர்ல எழுதிக் கொடுங்க. தேனிப் பக்கம் இருக்கிறவங்க, பேப்பர்ல தினமும் வர்ற பெரியாறு அணை நீர்மட்டம், திறப்பு அளவு ரெண்டையும் ஒரு நோட்டுல குறிச்சு வெச்சுக்கிட்டே வாங்க. வீட்டுக் கிணத்துல கயிறு விட்டு ஆழத்தையும் பக்கத்துலயே எழுதுங்க. ரெண்டு கோடை தாண்டினா, அந்த நோட்டுக்கு முன்னால யாரும் 'சும்மா பயமுறுத்துறாங்க'ன்னு சொல்ல முடியாது. 'எல்லாம் போச்சு'ன்னு சும்மா கத்தவும் முடியாது.

மதுரை நோட்டும் தேனி நோட்டும் ஒரே மேஜைக்கு வரட்டும். அப்புறம் பேசலாம், எந்த மாசம் எவ்வளவு எடுக்கலாம்னு.

மக்கைத் தேடிட்டீங்களா? அடுத்த வாரம் சந்திப்போம்!